கிணற்றுத் தண்ணீரில் புளூபெரி

சாய்ந்தமருது
20.02.2023

அன்புத் தம்பி அப்துல் ஸமட்டுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்கிறேன். முழங்கால் என் சொல் கேட்பதில்லை, நானும் அதன் சொல் கேட்பதில்லை. உன் சுகத்தையும் உன் மனைவி மக்கள் சுகத்தையும் எழுது.

நீ வெலிமடையிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட மூன்று புளூபெரிக் கன்றுகளும் வந்தன. ஒன்றில் கிளை முறிந்திருந்தது. நடத்துனர் அதன்மேல் காலை நீட்டி உறங்கியிருப்பான். நான் போன் எடுப்பதில்லை என்று சுமையாவிடம் குறைப்பட்டாயாம். போனில் உன் குரல் எனக்கு அரிசி ஆலை இரைச்சல் மாதிரிக் கேட்கிறது. எழுது. கண் இன்னும் நன்றாக இருக்கிறது.

இங்கே நடந்ததைக் கேள். ஊர் வழக்கப்படி வீட்டை மகள் சுமையாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் முன்னறையில் விருந்தாளி போல இருக்கிறேன். மருமகன் ஜெமீல் தன் ஹாட்வெயார் கடைச் சாமான் வைக்க ஓர் அறை கட்டப்போகிறானாம். அதற்குப் பின்வளவுக் கிணற்றை மூட வேண்டுமாம். நகரக் குழாய் வந்துவிட்டதாம், கிணற்றுத் தண்ணீர் உதவாத தண்ணீராம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அடுத்த வீட்டு ஷரிபுதீனும் நிற்கும்போது சொன்னான்: "மாமா, இந்தத் தண்ணி குடிச்சு ஒரு செடி காய்ச்சதக் காட்டுங்க. அடுத்த வருஷ நோன்புக்குள்ள காட்டினா நான் கிணத்தத் தொடமாட்டன்."

ஷரிபுதீன் சும்மா இருப்பானா? "வாழையையும் முருங்கையையும் காட்டி ஏமாத்திப்போடுவார். இந்த ஊரு காணாத செடியா இரிக்கணும்" என்றான்.

அன்று பின்னேரம் அஸருக்குத்தான் உன் பெட்டி வந்தது. இதுதான் அந்தச் செடி என்று திறந்து வைத்தேன். "மாமா, இது குளிர்நாட்டு மரம்" என்று ஜெமீல் சிரித்தான். "உன்ட ஏசியும் குளிர்நாட்டுச் சாமான்தான். இஞ்ச ஓடுதுதானே?" என்றேன்.

ஒரு கன்றைக் கிணற்றுப் பக்கம் ஒழு எடுக்கும் கல்லடியில் வைத்திருக்கிறேன். ஐந்து வேளையும் நான் முகம் கை கழுவும் தண்ணீர் வீணாகாமல் அதற்குப் போகும். ஒன்று குசினி வாசலில், சுமையாவின் அடுப்புப் பக்கம். கிளை முறிந்ததை வெயில் படாமல் பின்சுவர் ஓரம் விட்டிருக்கிறேன். என்ன உரம், எவ்வளவு என்று எழுது.

உன் காக்கா,
ஆதம்பாவா


வெலிமடை
03.03.2023

அன்பான காக்காவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

எல்லோரும் சுகம். இங்கே விடிய எழும்பினால் வாயிலிருந்து புகை வருகிறது. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் ஒரு போத்தல் அனுப்புகிறேன். தேய்க்கமாட்டீர்கள் என்று தெரிந்தும் அனுப்புகிறேன்.

காக்கா, உங்கள் கடிதத்தை வாசித்தேன். உலகத்தில் எத்தனையோ செடி இருக்க, பந்தயம் கட்ட இதுவா கிடைத்தது? குளிர் பெரிய பிரச்சினையில்லை, நான் தந்தது குளிர் அதிகம் கேட்காத இனம். இதற்கு வேண்டியது புளிப்பு. மண்ணும் புளிப்பாக இருக்க வேண்டும், தண்ணீரும் அப்படி. சுண்ணாம்பு பட்டால் இதன் வேருக்கு இரும்புச் சத்தை எடுக்க முடியாது. நம் வளவு முழுக்கச் சிப்பித்தூள் கலந்த மணல். கிணறும் அந்த மணலுக்குள்தான் இருக்கிறது.

ஆகவே நிலத்தில் நடவேண்டாம். பெரிய வாளியின் அடியில் துளை போட்டு, தென்னந்தும்புத்தூளும் மரத்தூளும் கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளை முதலில் நன்றாக அலசி உப்பை எடுத்துவிடுங்கள். மேலே போட பைன் ஊசியிலை ஒரு சாக்கு வருகிறது. உரம் அமோனியம் சல்பேட், மாதம் ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து தள்ளித் தூவுங்கள். நெல்லுக்கு எறிகிற மாதிரி எறிந்தால் கருகிவிடும். சாம்பல் போடவே கூடாது. ஊற்றுவதற்கு மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

ஜெமீலிடம் வேறு செடி என்று சொல்லிப் பாருங்கள். ஜம்புப் பழக்கன்று நல்லது. நான் அனுப்புகிறேன்.

உங்கள் துஆவை நாடும் தம்பி,
ஸமட்


சாய்ந்தமருது
14.03.2023

தம்பிக்கு ஸலாம்.

எண்ணெய் கிடைத்தது, கதவுப் பிணைச்சலுக்குப் போட்டேன். நல்ல எண்ணெய். அனைவரும் நலந்தானே?

வாளி, தும்புத்தூள், மரத்தூள் எல்லாம் நீ சொன்னபடி. மரத்தூளைக் காரைதீவு ஜீவராஜின் மர ஆலையில் எடுத்தேன். "ஆதம்பாவாக் காக்கா, கோழி வளக்கிறீங்களா?" என்றான். பழம் என்றேன், நம்பவில்லை. பைன் இலை இனி வேண்டாம். கடற்கரையில் சவுக்கு மரம் கொட்டுகிற ஊசியே போதும். எங்கள் ஊரிலும் மரம் இலை உதிர்க்கும்.

ஆனால் தண்ணீர் என் கிணற்றுத் தண்ணீர்தான். பந்தயமே அதுதான். நீ கிணற்றைக் குறை சொல்லாதே. ஜெமீல் சொல்லலாம், அவன் வந்து குடியேறியவன். நீ அந்தத் தண்ணீரில் வளர்ந்தவன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் கிணறு உப்பாகிக் கிடந்தபோது, இறைக்காதே, அப்படியே விடு என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னார்கள். நான் இறைத்தேன். உன் மதினி, அல்லாஹ் அவளைப் பொருந்திக்கொள்வானாக, கயிற்றின் மறுபக்கம் பிடித்தாள். ஒருநாள் ஒரு மிடறு குடித்துவிட்டு "இனிக்குது" என்றாள். பொய். அதற்குப் பிறகு இரண்டு மாரிமழை போய்த்தான் இனித்தது. ஆனால் அவள் சொன்ன அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் அதுவரை இறைத்தேன்.

அந்த வருஷம் நீ வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

ஜம்பு அனுப்பாதே.

ஆதம்பாவா


வெலிமடை
02.04.2023

காக்காவுக்கு ஸலாம்.

நோன்பு லேசாகப் போகிறது, இங்கே தாகம் இல்லை. உங்களுக்கு அங்கே வெக்கையில் அல்லாஹ் பலம் தரட்டும். உங்கள் மாத்திரையை விடியமுன் ஸஹருக்கு மறக்காமல் போடுங்கள்.

உங்கள் கடிதத்தின் நடுப்பகுதியை இரண்டு தரம் வாசித்தேன்.

செடி விஷயம். முதல் பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், மனம் கேட்காது, ஆனாலும் கிள்ளுங்கள். வேர் பிடிக்கிற காலத்தில் காய்க்க விட்டால் செடி மெலிந்துபோகும்.

தண்ணீர் விஷயத்தில் நான் இனி வாய் திறக்கமாட்டேன். ஒன்று மட்டும். செவ்வரத்தம்பூ, செம்பருத்தி என்கிறார்களே, அதன் இதழைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாயத்தை இரண்டு கிளாஸில் விடுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைத்தண்ணீர். புளிப்பென்றால் சிவக்கும். சுண்ணாம்பென்றால் பச்சையாகும். என்னை நம்பவேண்டாம், பூவை நம்புங்கள்.

தம்பி ஸமட்


சாய்ந்தமருது
05.07.2023

தம்பிக்கு ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி கழிந்தது. குர்பான் இறைச்சியில் உன் பங்கை உன் பெயரில் எளியவர்களுக்குக் கொடுத்தேன்.

எழுதச் சுணங்கிவிட்டது. மாத்திரை போடுகிறேன்.

கல்லடிச் செடியிலும் குசினிச் செடியிலும் இலை மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் வெளுப்பு. காரணம் கண்டுபிடித்துவிட்டேன். குசினிச் செடிக்குச் சுமையா அடுப்புச் சாம்பல் போட்டிருக்கிறாள். கேட்டால் "எல்லாச் செடிக்கும் போடுறதுதானே வாப்பா" என்கிறாள். கல்லடிச் செடிக்கு ஷரிபுதீன் செய்த உபகாரம். தென்னைக்குப் புதைக்கிற மாதிரி, பெருநாளன்று குர்பான் எலும்பை நொறுக்கி என் வாளிக்குள் புதைத்திருக்கிறான். "நல்ல பசளை காக்கா, உங்களுக்காகத்தான்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறான். பந்தயத்தில் எனக்கு எதிராகப் பேசியவனே அவன்தான். எலும்பையெல்லாம் தோண்டி எடுத்து அவன் தென்னைக்கே கொடுத்தேன்.

மூன்றாவது, அந்தக் கிளை முறிந்தது, நன்றாக இருக்கிறது. இலைக்கு எண்ணெய் தடவின மாதிரி. முறிந்த இடத்தில் இரண்டு தளிர்.

செவ்வரத்தம்பூ பார்த்தேன். பூ பூவாகத்தான் இருந்தது.

ஆதம்பாவா


வெலிமடை
16.07.2023

காக்காவுக்கு ஸலாம். எல்லோரும் சுகம், சின்னவளுக்குச் சளியும் தடிமனும் மட்டும்.

சாம்பலிலும் எலும்பிலும் இருப்பது சுண்ணாம்புதான், எடுத்தது நல்லது. கந்தகத் தூள் கொஞ்சம் அனுப்புகிறேன். மேல் மண்ணோடு கிளறிவிடுங்கள், மெல்ல மெல்லப் புளிப்பாக்கும்.

ஆனால் சாம்பலுக்கு முன்பே இலை வெளுக்கத் தொடங்கவில்லையா? நினைத்துப் பாருங்கள்.

நன்றாயிருக்கிற செடியிலிருந்து பதிவைக்க இது நல்ல காலம். அரைமுற்றலான தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தும்புத்தூளும் கழுவிய ஆற்றுமணலும் கலந்த கலவையில் குத்துங்கள். மேலே பொலித்தீன் மூடி நிழலில் வையுங்கள். வேர் வரும்வரை உரம் வேண்டாம், இழுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

மூன்றாவது வாளி எந்த இடத்தில் நிற்கிறது? அதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

ஸமட்


சாய்ந்தமருது
09.10.2023

தம்பிக்கு ஸலாம். சின்னவளின் தடிமன் சுகமா? வேர்க்கொம்பு அவித்துக் கொடு.

குசினிச் செடி போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்திருந்தது. கல்லடிச் செடி சாகவுமில்லை, பிழைக்கவுமில்லை. என்னைப் போல நிற்கிறது.

மூன்றாவதிலிருந்து தண்டு வெட்டி வைத்தேன். ஐஸ்கிறீம் பெட்டியில் கலவை போட்டு, பொலித்தீன் மூடி, என் ஜன்னலுக்குக் கீழே. நீ இழுத்துப் பார்க்கவேண்டாம் என்றாய். நான் ஒன்றைத்தான் இழுத்தேன். அது செத்தது. மற்றவற்றில் பாதிக்கு வேர் வந்துவிட்டது, மயிர் மாதிரி மெல்லிய வேர். பெட்டியின் மெல்லிய பிளாஸ்டிக் சுவரில் தெரிகிறது.

வீட்டில் ஒரு கூத்து. மழைக் குளிர் தொடங்கிவிட்டது, ஊரே ஜன்னலை மூடிப் படுக்கிறது. ஜெமீல் மட்டும் ஏசியைப் போட்டுவிட்டு இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான். சுமையா கேட்டால் "எனக்குப் புழுங்குது" என்கிறானாம். பணமும் புத்தியும் ஒரே வீட்டில் இருப்பதில்லை.

மூன்றாவது வாளி நிற்கிற இடத்தில் நிற்கிறது.

ஆதம்பாவா


வெலிமடை
22.10.2023

காக்காவுக்கு ஸலாம். சுகம், சுகத்தையே நாடுகிறோம்.

வேர் வந்தது பெரிய விஷயம். நான் முதன்முதல் வைத்தபோது ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

வேறொன்றும் கேட்கவில்லை. ஜெமீலின் ஏசி எந்தச் சுவரில் பூட்டியிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

ஸமட்


சாய்ந்தமருது
19.02.2024

தம்பிக்கு ஸலாம். நான்கு மாதமாக எழுதவில்லை. நோயில்லை, கோபமுமில்லை. கோபம் கொஞ்சம்.

அந்தச் சுவர்தான்.

முன்பு அந்த ஏசித் தண்ணீர் நேரே கழிவுநீர்க் கானுக்குப் போனது. உன் கேள்வி வந்த அன்று குனிந்து பார்த்தேன். யாரோ ஒரு முழங்கைக் குழாய் பூட்டி, மெல்லிய பைப் ஒன்றைச் சுவரோடு இறக்கி, என் வாளிக்குள் விட்டிருக்கிறார்கள். மேலே சவுக்கிலையை இழுத்து மூடியும் இருந்தது. இந்த வீட்டில் குழாய் வேலை தெரிந்தவன் ஒருவன்தான்.

பார்த்தும் பேசாமல் இருந்தேன். அதுதான் இந்த நான்கு மாதம். செடி பூத்தது. மைனா கொத்தாமல் பழைய மீன்வலையால் மூடினேன். போன வாரம் பழம் நீலமானது. ஜெமீல் தானே போய் ஷரிபுதீனைக் கூட்டி வந்தான். "நோன்புக்கு முந்தியே மாமா காட்டிட்டார். நான் தோத்துட்டன். கிணறு இரிக்கட்டும்" என்றான். அவன் முகத்தில் தோற்றவனின் முகமே இல்லை.

கிணறு தப்பியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என்னால் முடியவில்லை. இரண்டு பேரையும் பின்சுவருக்குக் கூட்டிப்போய்ச் சவுக்கிலையை விலக்கினேன். "இது என்ட கிணத்துத் தண்ணியில்ல, உன்ட ஏசித் தண்ணி. என்ட கிணறு பிச்சை வாங்காது" என்றேன்.

ஜெமீல் தலையைச் சொறிந்தான். "மாமா, ஒருத்தரும் கேக்கலயே" என்றான். ஷரிபுதீன் சிரித்துச் சிரித்து மதிலைப் பிடித்துக்கொண்டான். சுமையாதான் என்னோடு சண்டைக்கு வந்தாள். ஒரு வருஷமாக அந்த மனுஷன் குளிரில் நடுங்கினது யாருக்காக என்று கேட்டாள்.

குழாயைக் கழற்றிப் பழையபடி கானுக்குத் திருப்பிவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாள் வரை தவணை கேட்டேன். கல்லடிச் செடி காய்த்தால் கிணறு, இல்லாவிட்டால் அவன் மூடலாம், நானே முதல் கூடை மண் போடுவேன். எழுத்து வேண்டாம், என் வாய்ச்சொல் போதும். "உங்கட இஷ்டம் மாமா" என்றான்.

இப்போது நீ சொல். மாரி மழையில் கல்லடிச் செடி கொஞ்சம் தேறியிருக்கிறது, மொட்டும் தெரிகிறது. இனி மழை இல்லை. என் கிணற்றுத் தண்ணீரை அது குடிக்க என்ன செய்ய வேண்டும்?

செவ்வரத்தம்பூச் சாயம் பச்சையாகத்தான் மாறியது. போன வருஷமே மாறியது.

ஆதம்பாவா


வெலிமடை
28.02.2024

அன்பான காக்காவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்தேன். அவன் குளிரில் நடுங்கின கதையை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்கள்.

காக்கா, ஊருக்கு முன்னால் சொன்ன சொல்லிலிருந்து இறங்க ஜெமீலுக்கு ஓர் ஏணி வேண்டியிருந்தது. அதை அவனே செய்து, அவனே சாத்தியும் வைத்தான். நீங்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள். இப்போதும் நேரம் இருக்கிறது, ஒத்துக்கொள்ளுங்கள் என்று எழுத நினைத்தேன். எழுதிப் பயனில்லை.

ஆகவே வழியை எழுதுகிறேன். ஏசித் தண்ணீர் மழைத்தண்ணீர் மாதிரி, அதில் சுண்ணாம்பில்லை. கிணற்றில் குற்றமில்லை. சிப்பி மணல் வழியாக ஊறி வருவதால் சுண்ணாம்பைச் சுமந்து வருகிறது. அதை உடைக்க ஊறுகாய்க்கு விடுகிற வினாகிரி போதும். ஒரு வாளித் தண்ணீர் அள்ளி, வினாகிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு தரமும் பூச்சாயத்தில் பாருங்கள். பச்சை போய் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் விட்டால் வேர் வெந்துவிடும். பழைய தும்புத்தூளில் மேல் பாதியை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். உரம் பாதி அளவு. காய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள்.

ஒழுத் தண்ணீர் இனி அதற்குப் போகவேண்டாம். அதை வாழைக்குத் திருப்புங்கள், நன்மை குறையாது.

உங்கள் உடம்பைப் பாருங்கள்.

ஸமட்


சாய்ந்தமருது
23.06.2024

அன்புத் தம்பி ஸமட்டுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் வாழ்த்து. எல்லோரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நோன்பிலும் வெயிலிலும் ஒவ்வொரு வாளியாக அள்ளி, பூவைப் பார்த்து, வினாகிரி விட்டு ஊற்றினேன். ஷரிபுதீன் வழக்குப் பேச வந்தான். வினாகிரி விட்டால் அது எப்படிக் கிணற்றுத் தண்ணீராகும் என்றான். "நீ தேத்தண்ணிக்குச் சீனி போட்டா உன்ட கிணறு மாறிப் போகுதா?" என்று கேட்டேன். யோசித்துக்கொண்டு போனவன் இன்னும் யோசிக்கிறான்.

முதலில் நுனியில் ஒரு பச்சை இலை வந்தது. நரம்புக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாத பச்சை. ஜெமீல் காலையில் கடைக்குப் போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போவான். என்னோடு பேச்சில்லை. ஒருநாள் நான் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் கிணற்றுக் கட்டின்மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கான் நிறைய வினாகிரி இருக்கிறது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. கான் அவனுடையது, கிணறு என்னுடையது. எடுத்துக்கொண்டேன்.

பெருநாளன்று குர்பான் வேலை முடிந்து எல்லோரும் ஒழுக் கல்லடிக்கு வந்தார்கள். பழம் ஒரு பிடிக்குள் அடங்கும். நீலம், மேலே சாம்பல் பூத்த மாதிரி. நான் பறிக்கவில்லை, தோற்றவன் பறிக்கட்டும் என்றேன். ஜெமீல் ஒன்றைப் பறித்து வாயில் போட்டான். இன்னும் இரண்டு நாள் மரத்தில் விட்டிருக்க வேண்டிய பழம். அவன் கண் சுருங்கிக் காது வரைக்கும் புளிப்பு ஏறியது எனக்குத் தெரிந்தது.

"எப்பிடி?" என்றேன்.

"இனிக்குது மாமா" என்றான்.

அந்தக் கிணற்றடியில் நின்று எனக்கு அந்தப் பொய்யைச் சொன்ன இரண்டாவது ஆள் அவன். பின்னேரம் போய், ஜன்னலடியில் வேர் பிடித்த கன்றுகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, அவன் ஏசிக்குக் கீழே மூன்றாவது செடியோடு வைத்து, அந்த முழங்கைக் குழாயை நானே திரும்பப் பூட்டிவிட்டேன். அது அவன் தண்ணீரில் வந்த செடியின் பிள்ளை. அவனிடமே இருக்கட்டும். மழைக்காலத்தில் போர்த்துக்கொண்டு படுக்கத் தேவையில்லை, மழையே ஊற்றும் என்று சுமையாவிடம் சொல்லி அனுப்பினேன்.

சாமான் அறை வீட்டின் முன்பக்கம் வருகிறது. என் ஜன்னலை மறைக்குமாம். அதற்கு வேறு சண்டை இருக்கிறது.

உனக்குப் பழம் அனுப்பமாட்டேன். நடத்துனர் காலை நீட்டுவான். கல்லடிச் செடியில் இன்னும் ஒரு கொத்து காயாக நிற்கிறது, வந்து பறித்துத் தின். வரும்போது நனையக் கட்டச் சாரம் ஒன்று கொண்டு வா, கிணறு துப்புரவாக்க இருக்கிறது. ஜெமீல் மோட்டார் போடலாம் என்கிறான். நான் வேண்டாம் என்றுவிட்டேன். கயிறு புதிது வாங்கியிருக்கிறேன். மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டும்.

உன் காக்கா,
ஆதம்பாவா